லாபிரை மறந்த நாட்டில் ஸ்னூக்கர் ஆடுவது எப்படி?

இலங்கைக்கு முதலாவது உலகச் சம்பியன் பட்டத்தை வென்று தந்தவர் யார் என்று எந்தப் பாடசாலைப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். “1996, லாகூர், அர்ஜுன ரணதுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் வரும். ஆசிரியரிடம் கேட்டாலும் அதே பதில்தான். அரசியல்வாதியிடம் கேட்டால் அந்தப் பதிலோடு ஒரு மேடைப்பேச்சும் இலவசமாகக் கிடைக்கும்.

அந்தப் பதில் பிழையானது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே, 1973ஆம் ஆண்டில், பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபிர் உலகச் சம்பியனாகிவிட்டார். இந்தியாவின் சதீஷ் மோகன் தமது சொந்த மண்ணிலேயே அவருக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். ‘இலங்கை’ என்ற பெயரில் இந்த நாடு குடியரசாகி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. புதிய குடியரசின் பெயரை உலகச் சம்பியன்களின் பட்டியலில் முதன்முதலாக எழுதிவைத்தவர், முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த, நாற்பது வயதைக் கடந்த ஒரு மனிதர்.

அப்பட்டியலை ஒருமுறை பாருங்கள். 1958இல் கல்கத்தாவிலும் 1964இல் நியூசிலாந்திலும் வென்ற வில்சன் ஜோன்ஸ். 1971இலும் 1975இலும் வென்ற நோர்மன் டாக்லி. 1977இலும் பின்னர் எண்பதுகளிலும் வென்ற மைக்கல் ஃபெரேரா. 1985இல் வென்ற கீத் சேத்தி. பில்லியர்ட்ஸ் உலகம் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கும் இந்தப் பெயர்களின் நடுவே ‘லாபிர், இலங்கை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், அவர் காலமானார்.

1973இல் நான் பாடசாலை மாணவன். அதன் பின்னர் நாற்பதாண்டுக் காலத்தைப் பத்திரிகைச் செய்தியறைகளில் கழித்தவன். அந்த அனுபவத்தின் உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆகிய விளையாட்டுகளில் நமது வீரர்கள் எழுவதும் விழுவதும் பற்றிப் பேசும்போது, ‘திறமை போதவில்லை’, ‘ஒழுக்கம் போதவில்லை’ என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு பொய். எல்லா வீரர்களும் விழுகிறார்கள். விழுந்தவனைத் தாங்குவதற்குச் சில நாடுகளில் ஏற்பாடு இருக்கிறது. நமது நாட்டில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

காடையர்களின் விளையாட்டா?

முதலில் ஒரு பழியைத் தீர்த்துவிடுவோம். ஸ்னூக்கர் என்றதும் நமது தமிழ்க் குடும்பங்களில் முகம் சுளிக்கிறார்கள். புகை மண்டிய அறை, பந்தயப் பணம், பாடசாலைக்குப் போகாத பையன்கள் – இதுதான் அவர்கள் மனதிலுள்ள சித்திரம்.

இந்த விளையாட்டின் பிறப்பையும் வளர்ப்பையும் அறிந்தால் அந்தச் சுளிப்பு குறையும். 1875ஆம் ஆண்டு ஜபல்பூரில் இருந்த பிரித்தானியப் படை அதிகாரிகளின் உணவுமண்டபத்தில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் நிறப்பந்துகளைச் சேர்த்து விளையாடிப் பார்த்ததில் ஸ்னூக்கர் பிறந்தது. (பின்னாளில் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்த பிரதமர் வேறொருவர்.) அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டது எங்கே தெரியுமா? நீலகிரியில், உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882இல். ஆகவே இது தமிழ் மண்ணின் மலைமுகட்டில் சட்டம் எழுதப்பட்ட விளையாட்டு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒரு விளையாட்டுக்கு ஊட்டியில் விதி வகுக்கப்பட்டது என்பதை எத்தனை தமிழர்கள் அறிவார்கள்?

ஆனால் அந்த அறைக்குள் தமிழன் என்னவாக நுழைந்திருப்பான் என்பதையும் மறைக்கக் கூடாது. மேசையைத் துடைப்பவனாக, புள்ளியைக் குறிக்கும் மாக்கராக, துரைக்குக் கோப்பை ஏந்துபவனாகத்தான். கொழும்பிலும் கதை வேறல்ல. துரைமார் கப்பலேறிய பின்னர் கிளப்புகளின் கதவுகள் திறந்தன. ஆனால் அங்கத்துவக் கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கு மட்டுமே திறந்தன. பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட, கற்பலகை பதித்த, ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள மேசை எந்த ஏழையின் வீட்டுக்குள்ளும் நுழையாது. கிளப்பில் இடமில்லாத பையன் எங்கே போவான்? கடைக்கு மேலே, மாடியில், மணிக்கணக்குக்கு வாடகை வாங்கும் அறைக்குத்தான் போவான். அவனை அங்கே துரத்தியவர்களே, “பார்த்தீர்களா, எங்கே போய் நிற்கிறான்!” என்று கைகொட்டுகிறார்கள்.

இந்த விளையாட்டு கேட்கும் ஒழுக்கம் எத்தகையது என்பதை அந்தக் கைகொட்டிகள் அறியமாட்டார்கள். ஏனைய விளையாட்டுகளில் எதிராளி நன்றாக ஆடினால் நீங்கள் ஓடலாம், தடுக்கலாம், உரத்துக் கத்தியாவது உங்களைத் தேற்றிக்கொள்ளலாம். ஸ்னூக்கரில் எதிராளி மேசையில் நிற்கும்வரை நீங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். அவன் பதினைந்து சிவப்புப் பந்துகளையும் ஒவ்வொன்றாக விழுத்திக்கொண்டிருப்பதை, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டு எழுந்து, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் முதல் அடியை அடிக்க வேண்டும். உலகச் சம்பியன் பட்டத்தை ஏழு தடவை வென்ற ஸ்டீபன் ஹென்றிக்கே ஒரு கட்டத்தில் கோலை நேராக முன்தள்ள முடியாமல் போயிற்று. கைக்கு ஒன்றும் ஆகவில்லை; மனம் கையை நம்ப மறுத்தது. 2012இல் அவர் ஓய்வை அறிவித்தார். இத்தகைய விளையாட்டையா காடையர்களின் பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

ஏணியும் முட்டுச்சந்தும்

லாபிர் உலகச் சம்பியனாகி மூன்று ஆண்டுகளின் பின், 1976இல், ஜொகன்னஸ்பேர்க்கில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை ஒருவர் வென்றார். பெயர் டக் மவுன்ட்ஜோய். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பட்டத்தை வென்ற கையோடு தொழில்முறை ஆட்டக்காரரானார். மறு ஆண்டே மாஸ்டர்ஸ் கிண்ணம், அதற்கு அடுத்த ஆண்டு பிரித்தானியச் சம்பியன் பட்டம். பிறகு சறுக்கல். ஆண்டுக்கணக்கான சறுக்கல். எல்லோரும் அவரைக் கைகழுவிவிட்டார்கள். பழைய ஆட்ட முறையைக் கலைத்துவிட்டு, பயிற்சியாளர் ஒருவரிடம் மாணவனைப் போல மீண்டும் கற்றார். 1988இல், தமது 46ஆவது வயதில், பத்தொன்பது வயது ஹென்றியை 16–12 என வீழ்த்தி மீண்டும் பிரித்தானியச் சம்பியனானார்.

இதைத்தான் நாம் ‘ஏற்ற இறக்கம்’ என்கிறோம். ஆனால் கவனியுங்கள்: இறக்கத்தின்போதும் மவுன்ட்ஜோய்க்கு ஆடுவதற்கு மேசை இருந்தது, கற்பிக்க ஆள் இருந்தார், பங்குபற்றப் போட்டிகள் இருந்தன, ரயிலேறிப் போய்வரக்கூடிய தூரத்தில் அவை நடந்தன. அமெச்சூர் பட்டம் அவருக்கு ஏணியின் முதற்படி.

லாபிருக்கோ அதே வகைப் பட்டம் முட்டுச்சந்து. அவர் வென்றது பில்லியர்ட்ஸ். மூன்றே பந்துகளைக் கொண்டு, நுட்பத்தில் ஸ்னூக்கரையும் விஞ்சிய ஆட்டம் அது. 1969இல் பி.பி.சி. தொடங்கிய ‘பொட் பிளாக்’ நிகழ்ச்சியின் பின், வண்ணத் தொலைக்காட்சிக்கு ஏற்றதாகப் பலநிறப் பந்துகளைக் கொண்ட ஸ்னூக்கரை நோக்கிப் பணம் பாயத் தொடங்கியிருந்தது. வெள்ளையும் சிவப்புமான பில்லியர்ட்ஸ் பந்துகளைத் தேடி எவரும் வரவில்லை. அத்தோடு எழுபதுகளின் இலங்கை எப்படி இருந்தது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெளிநாட்டு நாணயத்தில் ஒரு சிறு தொகையைப் பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. உலகச் சம்பியனானாலும் உலகத்தைச் சுற்றி ஆட வழியில்லை.

1967இல் இதே உலக பில்லியர்ட்ஸ் போட்டியைக் கொழும்பு நடத்தியிருக்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆகவே நமக்கு மேசை தெரியாது, போட்டி தெரியாது, அமைப்புத் தெரியாது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. தெரிந்திருந்தும் கைவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள்

இன்றைய தொழில்முறை ஸ்னூக்கரின் ஏற்பாட்டை வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு விளங்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டு வீரனின் விதி மேசையில் பாதியும் இந்தக் கணக்கில் மீதியுமாக எழுதப்படுகிறது.

உலகச் சுற்றில் ஏறத்தாழ 128 பேர் ஆடலாம். புதிதாக நுழைபவருக்கு இரண்டு ஆண்டு அனுமதி கிடைக்கும். தரவரிசை 2014 முதல் பரிசுப்பணத்தைக் கொண்டே கணிக்கப்படுகிறது; கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் எவ்வளவு ஈட்டினார் என்பதே அளவுகோல். இரண்டு ஆண்டு முடிவில் முதல் 64 பேருக்குள் வராதவர் பொதுவாக வெளியே போக வேண்டியதுதான். மீண்டும் நுழைய, ‘கியூ ஸ்கூல்’ எனப்படும் தகுதிப் போட்டியில் நூற்றுக்கணக்கானோரோடு மோத வேண்டும்.

உலகச் சம்பியனுக்கு 5 இலட்சம் பவுண். அதைத்தான் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும். ஆனால் பல போட்டிகளில் முதற்சுற்றில் தோற்றவருக்கு நீண்ட காலமாக ஒரு சதமும் கிடைத்ததில்லை. விமானச் சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. ஆட்டக்காரர்களின் நெடுநாள் முறைப்பாட்டுக்குப் பின்னர், 2022–23 பருவத்தில்தான் ஒவ்வொருவருக்கும் பருவத்துக்கு 20,000 பவுண் வருமானம் உறுதிசெய்யப்பட்டது. பேலியகொடையிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ 80 இலட்சம் ரூபா, மலைத்துப் போவோம். இங்கிலாந்தில் அறை வாடகை, பயிற்சி மேசைக் கட்டணம், விசாக் கட்டணம், நாடு நாடாகப் பயணம் என்று கழித்துப் பாருங்கள். ஓராண்டை ஓட்டுவதே பெரும்பாடு.

இங்கிலாந்தில் பிறந்த பையன் தோற்றால் அன்றிரவே வீட்டுக்குப் போய்த் தாயின் கையால் சாப்பிடுவான். கொழும்பிலிருந்து போனவன் தோற்றால் எங்கே போவான்? இன்னொன்று: நமது ஈரக்காற்றில் மேசைத்துணி மந்தமாகிவிடும், பந்து தயங்கித் தயங்கி உருளும். அங்கே சூடேற்றப்பட்ட மேசையில் அதே அடிக்குப் பந்து பறக்கும். பத்தாண்டு பழகிய கையை அங்கே போய் மாற்ற வேண்டும். அதற்குள் இரண்டு ஆண்டு அனுமதியில் பாதி முடிந்துவிடும்.

விழுந்தவர்களும் எழுந்தவர்களும்

இந்தியாவின் பங்கஜ் அத்வானியை எல்லோரும் அறிவோம். 2003இல் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம். 2006, 2010 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பில்லியர்ட்ஸ் தங்கம். 2024 வரையில் 28 உலகப் பட்டங்கள். அவர் 2012இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போனார். 2013 வெல்ஷ் ஓப்பன் போட்டியில் காலிறுதிவரை முன்னேறினார். 2014இல் விலகி நாடு திரும்பினார். ‘தாக்குப்பிடிக்கவில்லை’ என்று சிலர் எழுதினார்கள். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். திரும்பிவருவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது. இந்திய அரசின் எண்ணெய் எரிவாயு நிறுவனத்தில் வேலை இருந்தது. அதனால்தான் தலைநிமிர்ந்து திரும்பி வந்து, மேலும் பல பட்டங்களை வெல்ல முடிந்தது.

மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா 2013இல் டெல்லியில் நடந்த இந்தியன் ஓப்பன் இறுதியாட்டத்துக்கு வந்தார். தரவரிசைப் போட்டியொன்றின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் 5–0 எனத் தோற்றார். பின்னர் கழுத்து, தோள் உபாதைகள் அவரை மேசையிலிருந்தே விலக்கிவைத்தன. ஒரு வீரனின் கழுத்து நோக, ஒரு நாட்டின் தொழில்முறைக் கனவே படுத்துவிட்டது. அடுத்தடுத்து வருவதற்கு வரிசையாக ஆட்கள் இல்லாத இடத்தில் இதுதான் நடக்கும்.

சீனாவைப் பாருங்கள். ஜாவோ சின்டோங் 2021இல் பிரித்தானியச் சம்பியனானார். 2023இல் ஆட்ட நிர்ணய ஊழலில் பத்துச் சீன வீரர்கள் தண்டிக்கப்பட்டபோது அவருக்கும் 20 மாதத் தடை. தாம் ஆடிய ஆட்டம் எதையும் அவர் விற்கவில்லை; ஆனால் பிறர் செய்ததில் பங்கிருந்தது, பந்தயமும் கட்டியிருந்தார். தண்டனை நியாயமானது. தடை முடிந்து 2024 செப்டெம்பரில் திரும்பினார். 2025 மே மாதம் ஷெஃபீல்டில், தகுதிகாண் சுற்றுகளிலிருந்து அமெச்சூராகப் புறப்பட்டு வந்து, அரையிறுதியில் ரொனி ஓ’சலிவனை 17–7 என்றும் இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18–12 என்றும் வென்று, ஆசியாவின் முதலாவது உலகச் சம்பியனானார். இவ்வளவு ஆழமாக விழுந்தவர் இவ்வளவு உயரம் எழுந்தது தனிமனித மனவலிமையால் மட்டுமா? ஷெஃபீல்டில் சீன வீரர்களுக்கென்று பயிற்சிக்கூடங்கள், கூடி வாழும் தோழர்கள், ஆதரவாளர்கள், ஊரில் காத்திருந்த இரசிகர்கள் – இந்த வலைதான் அவரைத் தாங்கியது.

“சீனா பெரிய நாடு, நாம் சிறிய தீவு” என்பீர்கள். சரி, மோல்ட்டாவைப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைக் கொண்ட அந்தக் குட்டித் தீவிலிருந்து டொனி டிராகோ உலகத் தரவரிசையில் பத்தாம் இடத்தைத் தொட்டார். தாய்லாந்தின் ஜேம்ஸ் வத்தனா மூன்றாம் இடத்தைப் பிடித்தார். நாட்டின் பருமன் ஒரு காரணமே அல்ல.

எங்கள் ஊரில் ஒரு கேள்வி

பேலியகொடை உலகத் தமிழர்களுக்குத் தெரிந்த ஊராக இருந்திருக்க வாய்ப்பில்லை. 2020 ஒக்டோபரில் மீன்சந்தைக் கொரோனாக் கொத்தணியால்தான் எங்கள் ஊரின் பெயர் செய்திகளில் அடிபட்டது. மற்றபடி, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் களனி ஆற்றைத் தாண்டியதும் வரும் ஊர் என்று சொன்னால் புரிந்துகொள்வீர்கள்.

இங்கே சந்தைக்கு ஐஸ் ஏற்றும் லொறிகள் நிற்கும் தெருவில், கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு மேசைகள் கிடக்கின்றன. துணி பல இடங்களில் ஒட்டுப் போட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து பாலம் கடந்து வரும் தமிழ், முஸ்லிம் பையன்களும் இந்த ஊர்ச் சிங்களப் பையன்களும் அங்கே ஒன்றாக ஆடுகிறார்கள். சந்தையில் அதிகாலை வேலை முடித்துவிட்டு, கையில் மீன்வாடை போகக் கழுவிக்கொண்டு வந்து கோலைப் பிடிக்கும் ஓர் இளைஞனை எனக்குத் தெரியும். நீண்ட தூரத்துப் பந்தை அவன் விழுத்தும் விதத்தைப் பார்த்தால் வயதான மாக்கரும் தலையை ஆட்டுவார்.

அவனுடைய தாயார் ஒருநாள் என்னை மறித்துக் கேட்டார்: “ஐயா, பேப்பர்ல எழுதுறனீங்கள், உங்களுக்குத் தெரியும். இந்தத் தடியைப் பிடிச்சுக்கொண்டு நின்றால் அவனுக்குச் சோறு வருமா?”

அந்தத் தாயைக் குறை சொல்வதற்கு எவருக்கும் அருகதை இல்லை. அவர் கேட்டது இந்த நாட்டின் விளையாட்டுக் கொள்கை பற்றிய மிகத் தெளிவான கேள்வி. இந்தக் கேள்விக்கு ‘வரும்’ என்று சொல்லும் நிலையில் விளையாட்டுத்துறை அமைச்சு இல்லை. எந்த வங்கியோ திணைக்களமோ அந்தப் பையனுக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கிரிக்கெட் ஆடுபவனுக்குப் படைகளிலும் கம்பனிகளிலும் வேலை கிடைக்கும் வழி இருக்கிறது. கோல் பிடிப்பவனுக்கு மீன்பெட்டிதான்.

பத்திரிகைகள் செய்வது

எனது தொழிலையும் விட்டுவைக்கமாட்டேன். செய்தியறையில் விளையாட்டுப் பக்கம் எப்படி நிரம்புகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் நான். கிரிக்கெட் வீரரின் கைவிரல் காயத்துக்கு நான்கு பத்தி. கிரிக்கெட் சபையின் சண்டைக்கு அரைப்பக்கம். தேசிய ஸ்னூக்கர் போட்டியின் முடிவு விளம்பரம் குறைந்த நாளில் கடைசி மூலையில் இரண்டு வரி. அதிலும் வென்றவரின் பெயர் பிழையாக இருக்கும். தோற்றவர் எப்படித் தோற்றார், எத்தனை மணி நேரம் போராடினார் என்பதை எவரும் எழுதமாட்டார்கள். எழுதப்படாத விளையாட்டுக்கு அனுசரணையாளர் வரமாட்டார். அனுசரணையாளர் வராத விளையாட்டை எழுதுவதில் பயனில்லை என்று ஆசிரியர்பீடம் சொல்லும். இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றியே நமது மாடுகள் களைத்துப்போயின.

பிரித்தானியப் பத்திரிகைகள் புனிதமானவை என்று சொல்லவில்லை. இருமுறை உலகச் சம்பியனான அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 2010இல் பெல்ஃபாஸ்ட் நகரில் நோயோடும் வறுமையோடும் தனிமையில் இறந்துகிடந்தார். கொண்டாடியவர்களே கைவிட்ட கதை அங்கும் உண்டு. ஆனால் அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண ஊரே தெருவுக்கு வந்தது. அவருடைய வீழ்ச்சியையாவது எழுதி வைத்திருக்கிறார்கள். நமது வீரர்களின் வீழ்ச்சி செய்தியாவதற்கே தகுதியற்றது.

வங்குரோத்து நாட்டில் இது தேவையா?

கேட்பீர்கள், தெரியும். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று கைவிரித்த நாட்டில் ஸ்னூக்கருக்குப் பணமா? ஒலிம்பிக்கில்கூட இல்லாத விளையாட்டுக்கா? ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 1998 முதல் 2010 வரை இருந்துவிட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விளையாட்டுக்கா?

நான் கேட்பது மைதானம் அல்ல. பெரும் மண்டபமும் அல்ல. கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்டியிலும் பொதுமக்கள் கட்டடமொன்றில், அங்கத்துவக் கட்டணம் இல்லாமல், ஊருக்கு இரண்டு நல்ல மேசைகள். ஒரு தடவை வாங்கினால் தலைமுறைக்கு நிற்கும். துணியை மட்டும் மாற்றினால் போதும். நாட்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, தொழில்முறைச் சுற்றின் இரண்டு ஆண்டுக் கணக்குக்கு ஏற்றபடி இரண்டு ஆண்டு உதவித்தொகை. அவர் தோற்றுத் திரும்பினால் ஓர் அரச நிறுவனத்தில் வேலை. அத்தோடு, பாடநூலில் லாபிரின் பெயருக்கு ஒரு வரி. இந்த வரிக்குப் பணமே தேவையில்லை.

ஒலிம்பிக்கில் இல்லை என்பதற்காகக் கைவிட வேண்டுமென்றால், நாம் இத்தனை காலம் தலையில் தூக்கிவைத்து ஆடிய கிரிக்கெட்டையும் 1996இலேயே கைவிட்டிருக்க வேண்டுமே? அப்போது அதுவும் ஒலிம்பிக்கில் இருக்கவில்லை.

தமிழர்கள் செய்யக்கூடியது

விதிகள் எழுதப்பட்ட உதகமண்டலத்தின் மாநிலத்திலிருந்து, 2025 நவம்பரில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இறுதியாட்டத்தில் ஹொங்கொங்கின் இங் ஒன்-யீயை 3–2 என்ற கணக்கில் தோற்கடித்தார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். தமிழ்ப் பெண்பிள்ளை ஒருத்தி ஸ்னூக்கர் மேசையில் உலகச் சம்பியனாகிவிட்டாள். இனியும் முகம் சுளிப்பவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்கு ஓர் அச்சம் உண்டு. இன்று மாலை போட்டவர்கள், அடுத்த ஆண்டு அவர் ஒரு முதற்சுற்றில் தோற்றால் எங்கே இருப்பார்கள்? வெற்றியின்போது கூடுவதற்கு ஆட்களைத் தேட வேண்டியதில்லை. தோல்வியின் மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து “சாப்பிட்டாயா பிள்ளை?” என்று கேட்பவர்தான் ஒரு வீரரை உருவாக்குகிறார்.

இறுதியாக, இங்கிலாந்தில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் தேருக்கும் பழைய மாணவர் சங்கக் கிரிக்கெட் போட்டிக்கும் நீங்கள் அள்ளிக் கொடுப்பதை நான் அறிவேன்; அதில் தவறில்லை. ஆனால் தொழில்முறை ஸ்னூக்கரின் தலைவாசல் உங்கள் ஊரில் இருக்கிறது. ஷெஃபீல்டும் லெஸ்டரும் உங்களுக்குக் காரில் போகும் தூரம். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோலுறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் ஒரு பிள்ளைக்கு அங்கே ஓர் அறையும் இரவுச் சாப்பாடும் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்க ஒரு சங்கத்தால் முடியாதா? சீனர்கள் அதைத்தான் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தார்கள்.

அதைச் செய்தால், பேலியகொடைத் தாயின் கேள்விக்கு ஒரு பதிலாவது கிடைக்கும். லாபிருக்கு 1973இல் நாம் கொடுக்கத் தவறியதை அவருடைய பேரப்பிள்ளைகள் வயதிலுள்ள ஒருவருக்கேனும் கொடுத்ததாக இருக்கும். செய்யாவிட்டால், அடுத்த முறை நமது வீரன் தோற்கும்போது ‘திறமை போதவில்லை’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.